நீடாமங்கலத்தின் பூப்பந்துக் களமும் ஓர் உரக்கடைக்காரரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் நாளிதழின் திருவாரூர் மாவட்டப் பக்கத்தில், நீடாமங்கலம் உரக்கடை உரிமையாளர் ஒருவர் காலமான செய்தி நான்கு வரிகளில் வந்திருந்தது. வயது, மனைவி, இரண்டு மகள்கள், ஒரு மகன், வெண்ணாற்றங்கரையில் தகனம் என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. பக்கத்தில் இடம் குறைவு என்பது புரிகிறது. ஆனால் அவர் கையால் பூப்பந்து (பால் பேட்மின்டன்) மட்டை வாங்கிய பெண்களில் நானும் ஒருத்தி. செய்தியில் விடுபட்டதை எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ரயில்வே கேட் உரக்கடை என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த கேட்டைப் பற்றி உங்கள் நாளிதழே பலமுறை எழுதியிருக்கிறது. மன்னார்குடி ரயில்களுக்கு நீடாமங்கலத்தில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டும். கேட்டை அடைத்தால் தஞ்சாவூர், நாகப்பட்டினம் பேருந்துகள் இரு பக்கமும் வரிசை கட்டி நிற்கும். வெயிலில் கைக்குழந்தையோடு இறங்கி நிற்கிறவர்களுக்காக அவர் கடை வாசலில் இரண்டு மண்பானைகள் எப்போதும் நிறைந்திருக்கும். சித்திரை, வைகாசியில் ஒரு பானையில் மோர். காலையில் கடை திறந்ததும் பானையைக் கழுவுவது அவருடைய வேலை. கடைப்பையனைச் செய்யவிட மாட்டார்.

டெல்டாவில் உரக்கடை நடத்துவது கடனில் நடத்துவதுதான். குறுவைக்கு வாங்கிய டி.ஏ.பி.க்கும் யூரியாவுக்கும் அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கைக்கு வந்த பிறகுதான் கணக்கு தீரும். 2016-இல் மேட்டூர் அணையைச் செப்டம்பரில்தான் திறந்தார்கள். வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. சம்பாப் பயிர் கண்ணெதிரே கருகியது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த வருடம் அவர் யார் வீட்டு வாசலுக்கும் கடனைத் திருப்பிக் கேட்டுப் போகவில்லை. பழைய பாக்கியை அப்படியே புது நோட்டில் ஏற்றினார், வட்டி இல்லாமல். எங்கள் அப்பா கணக்கும் அந்த நோட்டில் இருந்தது. அடுத்த பட்டத்துக்கு விதை நெல் கேட்கக் கூசிக்கொண்டு வீட்டிலேயே இருந்தவரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டு மூட்டையைத் தூக்கிவிட்டவர் அவர்.

2018 கஜா புயலில் அவருடைய கிட்டங்கியின் தகரக் கூரை பறந்து, உர மூட்டைகள் நனைந்து கரைந்தன. மறுநாள் அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஜெனரேட்டரை லோடு ஆட்டோவில் ஏற்றி, கரண்டு இல்லாத ஊர்களின் மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றக் கிளம்பிவிட்டார்.

இனி பூப்பந்து.

இந்த ஆட்டம் பிறந்தது தஞ்சாவூரில். அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம். அதைத் தெருவுக்கும் வயலுக்கும் கொண்டுவந்தவர்கள் இவரைப் போன்றவர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த தன் சொந்த மனையில் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் களம் போட்டார். எங்கள் மண் களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசியில் காலை விட்டால் கணுக்கால்வரை போகும். வல்லம் பக்கத்திலிருந்து செம்மண் லாரியில் வரவழைத்துக் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து இறுக்கினார். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் அந்த வேலை மறுபடி நடக்கும். சுண்ணாம்புக் கோட்டை அவரே போடுவார். கோடு கோணினால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார்.

பந்து மஞ்சள் கம்பளி நூலில் சுற்றியது, முப்பது கிராம்கூட இருக்காது. ஈரம் பட்டால் கனத்துவிடும். அதனால் பந்துகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். திறந்தவெளி ஆட்டம் என்பதால் காற்றும் ஓர் எதிராளி. ஆடி மாதத்தில் அவர் எங்களை வேண்டுமென்றே காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி ஆடவிடுவார். "காத்து எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டு சர்வீஸ் போடு பாப்பா" என்பார். இன்று என் மாணவிகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். நரம்பு அறுந்த மட்டைகளை இரவு கடை சாத்திய பிறகு உட்கார்ந்து கட்டுவார். 1970-இல் பூப்பந்துக்கு அர்ஜுனா விருது வாங்கிய பிச்சையாவின் கதையை அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார். கிரிக்கெட் தவிர வேறு ஆட்டத்துக்கும் விருது உண்டு என்று நாங்கள் அறிந்தது அந்தக் கடைத் திண்ணையில்.

பெண்கள் அணி வேண்டும் என்று அவர் சொன்னபோது ஊரில் பேசாத பேச்சில்லை. யாருக்கும் பதில் சொல்லாமல், முதலில் தன் இரண்டு மகள்களைக் களத்தில் இறக்கினார். அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா நடவு வயலில் இருந்தார். வரப்பில் நடந்து அங்கேயே போய்விட்டார்.

"அண்ணே, பொண்ணு நல்லா ஓடுது. சாயங்காலம் விளையாட அனுப்புங்க. ஆறரைக்குள்ள வீட்ல இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு."

"நாளைக்கு ஒரு எடத்துல குடுக்கணுமே மொதலாளி."

"குடுப்போம்ணே. இப்ப விளையாடட்டும்."

ஒரு நாளும் ஆறரை தாண்டியதில்லை. அந்த வீட்டு அம்மா சுண்டலோ அவித்த கடலையோ கொடுத்து அனுப்புவார்கள். பல நாள் எங்களில் சிலருக்கு அதுதான் இரவுச் சாப்பாடு என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாத்திரம் ஒருபோதும் குறைந்து வந்ததில்லை. படுக்கையில் கிடந்த தன் தாயாருக்கு மதியம் தன் கையால் ஊட்டிவிட்டுத்தான் அவர் சாப்பிடுவார்; அதற்காகவே பன்னிரண்டரைக்கு, எந்த வியாபாரம் வந்தாலும், கடையை விட்டு எழுந்துவிடுவார்.

காணும் பொங்கலன்று அவர் நடத்திய போட்டிக்கு வலங்கைமான், கொரடாச்சேரி, கூத்தாநல்லூர் அணிகள் வரும். பரிசு கோப்பை அல்ல. ஜெயித்த ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு மட்டை, தோற்றவர்களுக்குப் பந்து டப்பா. தோற்றவர்கள்தான் இன்னும் பழக வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் காலத்திலேயே ஓர் ஆட்டத்தை ஜெயிக்க எடுக்க வேண்டிய புள்ளி 29-இலிருந்து 35-க்கு மாறியது. புது விதியைத் தாளில் எழுதிக் கடைச் சுவரில், உர விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்.

பள்ளிக் குறுவட்டப் போட்டிகளில் இன்றும் பூப்பந்து இருக்கிறது. ஆனால் முடிவுகள் எந்த நாளிதழிலும் வருவதில்லை. ஜெயித்த பிள்ளைகள் மறுநாள் காலை டீக்கடையில் நாளிதழைப் புரட்டிவிட்டு, முகம் வாடித் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். கிரிக்கெட்டுக்கு முழுப் பக்கம் தருகிறீர்கள், தாருங்கள். நம் மண்ணில் பிறந்த ஆட்டத்துக்கு மாவட்டப் பக்கத்தில் ஐந்து வரி தரக் கூடாதா? அதைக் கத்தரித்து ஒட்டிவைக்க ஒரு நோட்டு எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது.

பிரதான சாலையை ஒட்டிய அந்த மனைக்கு இன்று நல்ல விலை. பதினாறாம் நாள் காரியத்தன்று வந்திருந்த உறவினர்கள் சிலர் அதைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். மகன் எழுந்து, களம் களமாகவே இருக்கும், இந்தப் பொங்கலுக்கும் போட்டி உண்டு என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். மூத்த மகள் அன்று நடுவராக நிற்கிறார். உங்கள் திருவாரூர் நிருபரை அனுப்பிவையுங்கள். அனுப்ப முடியாவிட்டால் முடிவுகளை அன்று மாலையே நான் எழுதி அனுப்புகிறேன். ஆடிய பிள்ளைகளின் பெயர்களோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
நீடாமங்கலம்.