முதல் அறிக்கை யாருடைய வாக்குமூலம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவலில் இருப்பவர் ஒருவர் தம்மை அடித்தார்கள் என்று சொல்லும்போதும், சொல்ல வழியின்றி இறந்துபோகும்போதும் அரசுத் தரப்பிலிருந்து வரும் முதல் அறிக்கையைப் பற்றி மட்டும் இக்கடிதத்தில் எழுத விரும்புகிறேன். அரசின் சொல் மக்களிடம் மதிப்பிழக்கத் தொடங்குவது அந்த முதல் அறிக்கையில்தான் என்பது, வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற என் உறுதியான எண்ணம்.

2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் ஊமைக்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதப்பட்டது. கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட இருவரும் சில மணி நேர இடைவெளியில் அடுத்தடுத்து இறந்த பின்னர், அன்றைய முதலமைச்சர் வெளியிட்ட அறிக்கையில் மகனுக்கு மூச்சுத் திணறல் என்றும் தந்தைக்கு உடல்நலக் குறைவு என்றுமே இருந்தது. அண்டைக் கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் வெளிவந்தபோது, உருண்டு புரண்ட கதைக்கு அவற்றில் இடமே இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய நீதித்துறை நடுவர் காவல் நிலையத்துக்கு நேரில் சென்று பார்த்தார். பதிவுகளைச் சேமிக்கப் போதிய இடம் இருந்தும், அன்றாடம் தானாக அழிந்துபோகும்படி கேமரா அமைக்கப்பட்டிருந்ததாக அவர் எழுதினார். அங்கே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், இருவரும் அடிக்கப்பட்டார்கள் என்று அச்சத்தை மீறி வாக்குமூலம் அளித்திராவிட்டால், மூச்சுத் திணறல் என்பதே அரசுப் பதிவேட்டில் நிலைத்திருக்கும்.

முதலமைச்சர் தெரிந்தே பொய் சொன்னார் என்று நான் கூறவில்லை. எங்கள் துறையிலும் நான் கண்ட வழக்கம் இதுதான். சட்டப்பேரவையில் ஒரு கேள்வி எழுந்தால் தலைமைச் செயலகம் மாவட்டத்தைக் கேட்கும்; மாவட்டம் கோட்டத்தைக் கேட்கும்; கோட்டம் வட்டத்தைக் கேட்கும்; கடைசியில் எந்த அலுவலகத்தின் மீது புகாரோ அந்த அலுவலகத்திலேயே பதில் தயாராகும். அந்தப் பதில் மேலே போகப் போகக் கையொப்பமிடுபவரின் பதவி உயருமே தவிர, உள்ளே இருக்கும் வாக்கியம் மாறாது. பட்டா மாறுதல் தாமதமான புகாரில் இதனால் பெருங்கேடு நேராது. ஒருவர் காவலில் இறந்த வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலமே அரசின் வாக்குமூலமாகிவிடுகிறது.

ஆட்சி மாறியும் இந்த வழக்கம் மாறவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை கெல்லீஸ் அருகே வாகனச் சோதனையில் பிடிபட்ட 25 வயது இளைஞர் மறுநாள் இறந்தபோது, அவருக்கு வாந்தியும் வலிப்பும் வந்தன என்றே புதிய ஆட்சியின் முதலமைச்சர் பேரவையில் தெரிவித்தார். உடற்கூறாய்வில் 13 காயங்கள் தெரியவந்த பிறகு, அதே அவையில், அதே முதலமைச்சர், அது கொலை வழக்காக மாற்றப்பட்டதை அறிவிக்க நேர்ந்தது. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி இறந்தபோதும் தப்பியோட முயன்று விழுந்தார், வலிப்பு வந்தது என்றே காவல் துறை பதிவு செய்தது. உடலில் இருந்த 44 காயங்களையும், மறைந்திருந்து ஒருவர் கைப்பேசியில் எடுத்த காணொளியையும் பார்த்த பின்னர்தான் அந்தக் கதை கைவிடப்பட்டது. அன்றைய முதலமைச்சர் இறந்தவரின் தாயிடம் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்ததை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தக் கைப்பேசி அங்கே இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது மனம் நடுங்குகிறது.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், சென்னை மத்திய சிறையில் மிசா எனும் தடுப்புக்காவல் சட்டத்தில் அடைக்கப்பட்ட கைதிகள் தாக்கப்பட்டதை வெளியே சொல்ல அன்றைய தணிக்கை விடவில்லை. ஆட்சி மாறி, நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்த பின்பே கைதிகள் சொன்னது உண்மை என்று ஊர் அறிந்தது. அதற்குள் அடிபட்ட கைதிகளில் ஒருவரான தி.மு.க.வின் சிட்டிபாபு இறந்துவிட்டார். அன்று அடிபட்டவர்களில் சிலர் பின்னாளில் இந்த மாநிலத்தை ஆண்டவர்கள். கைதியின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கும் வழக்கம் வேறெந்த மாநிலத்தையும்விட இங்கே வேரூன்றியிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது அதனால்தான்.

கைதிகள் சொல்வதெல்லாம் உண்மை என்று நான் வாதிடவில்லை. வழக்கிலிருந்து தப்பப் பொய்ப் புகார் சொல்பவர்களும் உண்டு. அதனால்தான் அரசின் கையில் சான்று இருக்க வேண்டும். எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் சேர்ந்து பதிவாகும் கேமராக்கள் வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது. புகார் வந்த நாளில் மட்டும் கேமரா பழுதாகியிருந்தால், அடிக்காத காவலரின் மறுப்பையும் எவரும் நம்பமாட்டார்கள். கழிப்பறையில் வழுக்கி விழுந்ததால் மாவுக்கட்டு என்று கைதிகளின் படங்கள் வரும்போது சிலர் கைதட்டுகிறார்கள். அப்படிக் கைதட்டுபவர்கள்கூட வழுக்கி விழுந்த கதையை நம்புவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று 2025-இல் உயர் நீதிமன்றமே கேட்டது.

காவல் மரணங்களை வருவாய்க் கோட்டாட்சியரே விசாரித்துவந்த நிலையை மாற்றி, அப்பொறுப்பை நீதித்துறை நடுவரிடம் ஒப்படைத்த சட்டத் திருத்தம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் துறையின் கையிலிருந்து அது போனது நல்லதே என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். அந்த நடுவர் தம் வேலையை முடிக்கும்வரை மரணத்தின் காரணத்தைப் பற்றி அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் எதுவும் கூறாதிருக்க வேண்டும். இறந்தார், நடுவர் விசாரிக்கிறார், கேமராப் பதிவுகள் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டன என்ற மூன்று செய்திகள் முதல் நாளுக்குப் போதும். விசாரணை அறிக்கை வந்ததும் அதை முழுமையாக வெளியிட வேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையொப்பமிட்ட இந்தியா இன்னும் அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. அதற்காக மாநில அரசு காத்திருக்க வேண்டியதில்லை. மேலே சொன்னவற்றை ஓர் அரசாணையிலேயே செய்துவிடலாம்.

இறந்தவர்களைப் பற்றியாவது பேசுகிறோம். உயிரோடிருப்பவர் புகார் சொல்ல வாய்க்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்க ஆணை பெறுவதற்காக, நடுவர் முன் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள். போலீசார் அடித்தார்களா, துன்புறுத்தினார்களா என்று நடுவர் கேட்கும்போது, அழைத்து வந்த காவலர் அவருடைய தோளை ஒட்டி நிற்கிறார். விசாரணை முடிந்ததும் அதே காவலரோடு, அதே வாகனத்தில்தான் அவர் திரும்பிப் போக வேண்டும். இல்லை ஐயா என்று அவர் சொன்னதாக ரிமாண்டு ஆணையில் பதிவாகும். பின்னாளில் புகார் எழும்போது, அன்றே சொல்லவில்லையே என்று அரசு வழக்கறிஞர் அதையே எடுத்துக் காட்டுவார். அந்தக் கேள்வியைக் கேட்கும் நேரத்தில் மட்டுமாவது காவலர்களை அறைக்கு வெளியே நிறுத்தும்படி உயர் நீதிமன்றம் எல்லா நடுவர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவர்,
திருநெல்வேலி.