வாய்ப்பாட்டுக்கும் ஒரு மார்க் போடுங்கள்

சென்னைப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறேன். ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. கணக்கில் எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். என் மகளின் காலாண்டுத் தேர்வு விடைத்தாளைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இரண்டு மார்க் கேள்வி. 7, 11, 15, 19 என்று நாலு நாலாகக் கூடிப் போகும் கூட்டுத் தொடர்வரிசையின் பொது உறுப்பு, அதாவது 'என்'-ஆவது (n) உறுப்பு, என்ன, 50-ஆவது உறுப்பு என்ன? அவள் எழுதியது இது: "நாலாம் வாய்ப்பாட்டில் ஒவ்வொன்றோடும் 3 கூட்டினால் இந்த வரிசை வருகிறது. ஆகவே பொது உறுப்பு 4 என் + 3. ஐம்பதாவது உறுப்பு 200 + 3 = 203." விடை சரி. ஆனால் பக்கத்தில் சிவப்பு மையில் 'ஃபார்முலா எங்கே?' என்று எழுதி ஒரு மார்க் குறைத்திருந்தது.

அந்த ஒரு மார்க்குக்காகச் சண்டைக்கு வரவில்லை. (சரி, முதல் நாள் கோபம் வந்தது உண்மை.) ஆனால் அவள் அந்த வரிசையைப் புரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறாள். நான் படித்த காலத்தில் புரியாமலே முழு மார்க் வாங்கினேன். முதல் உறுப்போடு, என் மைனஸ் ஒன்றைப் பொது வித்தியாசத்தால் பெருக்கிக் கூட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எதற்காக அந்த ஒன்றைக் கழிக்கிறோம் என்று நானும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை.

அது எனக்கு விளங்கியது வாசலில், போன மார்கழிக் கோலத்தில். 15 புள்ளி, 8 வரை இடுக்குப் புள்ளி. நடுவில் 15 வைத்து, மேலே 14, அப்புறம் 13 என்று 8 வரை போக வேண்டும், கீழேயும் அப்படியே. நடு வரிசையையும் சேர்த்து மேல்பக்கம் மொத்தம் எத்தனை வரிசை? 15-இல் 8 போனால் 7 என்றாள் மகள். எண்ணிப் பார்த்தால் 8 வரிசை இருந்தது. இரண்டு பேரும் கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டோம். அந்த 7, வரிசையின் எண்ணிக்கை இல்லை. ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எத்தனை தடவை புள்ளி குறைந்தது என்ற கணக்கு. முதல் வரிசையில் எதையும் குறைக்கவில்லை. எட்டாவதுக்குப் போவதற்குள் ஏழு தடவை குறைத்திருக்கிறோம். 'என் மைனஸ் ஒன்று' என்பது இதுதான். இருபது வருஷம் கழித்துத் தெரிந்தது!

மகள் தேர்வில் செய்ததும் இதே கணக்குதான், வேறு வாசல் வழியாக. 7-க்கு ஒரு படி பின்னால் போனால் 3. அங்கிருந்து கிளம்பினால் முதல் உறுப்புக்கு ஒரு படி, ஐம்பதாவதுக்கு ஐம்பது படி. கழிக்க வேண்டிய ஒன்றை அவள் கிளம்பும்போதே கழித்துவிட்டாள். உங்கள் ஃபார்முலாவை விரித்தாலும் 7 + 4 என் − 4, அதாவது 4 என் + 3 தானே வருகிறது? எந்தக் கூட்டுத் தொடர்வரிசையும் தள்ளி வைத்த ஒரு வாய்ப்பாடுதான் என்று ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்தால் அதற்குச் சிவப்பு மையா?

ஆட்டோ மீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் அரசு நிர்ணயித்தபடி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. மீட்டர் போட்டு யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள், கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 25, 37, 49, 61... பன்னிரண்டாம் வாய்ப்பாட்டோடு 13 கூட்டினால் போதும். பத்தாவது எண் 133. அதற்கான தூரம் 11.8 இல்லை, 10.8 கிலோமீட்டர். இங்கேயும் அதே ஒன்று குறைகிறது, பார்த்தீர்களா?

இன்னொரு லாபமும் உண்டு. 7, 11, 15 வரிசையில் 500 வருமா என்று கேட்டால், ஃபார்முலாப் பிள்ளைகள் சமன்பாடு எழுதி, கடைசியில் பின்னம் வந்ததும் எங்கே தப்பு என்று தேடுவார்கள். வாய்ப்பாட்டுக்காரி, இந்த வரிசையில் எதை 4-ஆல் வகுத்தாலும் மீதி 3 வரணும், 500-க்கு மீதியே இல்லை, அதனால் வராது என்று இரண்டு வரியில் முடித்துவிடுவாள்.

ஃபார்முலாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பொது வித்தியாசம் முக்காலோ ஐந்தில் இரண்டோ ஆகிவிட்டால் வாய்ப்பாடு வாயில் வராது, அப்போது அதுதான் கைகொடுக்கும். ஒவ்வொரு வகுப்பிலும் விடைத்தாள் கட்டுக்கட்டாக வரும்போது விடைக்குறிப்பில் உள்ள வரியைத்தான் கண் தேடும் என்பதும் புரிகிறது. கடையில் சனிக்கிழமை சாயங்காலம் நானும் அப்படித்தான்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வருகிறது. விடைக்குறிப்பு தயாரிக்கும்போது, 'வேறு சரியான முறையில் செய்திருந்தாலும் முழு மதிப்பெண்' என்று இந்தக் கேள்விக்கு நேராக ஒரு வரி சேருங்கள். அடுத்த வருஷம் இந்தப் பாடம் எடுக்கும்போது, ஃபார்முலாவைப் போர்டில் எழுதுவதற்கு முன்னால் 15-லிருந்து 8 வரை புள்ளி வைத்து, எத்தனை வரிசை என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா இருங்கள். வகுப்பில் பாதிப் பேர் ஏழு என்பார்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு பத்தாம் வகுப்பு மாணவியின் அம்மா