கதைசார் வீடியோ கேம் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவில் கூடியுள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது வட்டத்தின் சென்ற ஓராண்டுப் பணிகள் குறித்த அறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை. சில விளையாட்டுகளின் முடிவுகள் இவ்வறிக்கையில் வெளிப்பட்டே தீரும்; அவற்றை இன்னும் விளையாடாமல் வைத்திருப்பவர்கள் அந்தப் பத்திகளின்போது வெளியே சென்று வரலாம், செயலாளர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

சென்ற பொதுக்குழுவின் முடிவில் புதிய உறுப்பினர் ஒருவர் எழுப்பிய கேள்விதான் இவ்வாண்டு நிகழ்ச்சிகளின் போக்கைத் தீர்மானித்தது. கதை வேண்டுமென்றால் நாவல் இருக்கிறது, திரைப்படம் இருக்கிறது. கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு ஒரு கதைக்காக இத்தனை மணி நேரத்தைச் செலவிடுவது எதற்காக என்று அவர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்ட செயற்குழு, வாதாடிப் பதில் சொல்வதைவிட விளையாடிப் பார்த்துப் பதில் தேடலாம் என்று முடிவு செய்தது. அதன்படி, மனத்தைத் தொடும் இடம் திரையில் ஓடும் காட்சியில் அல்லாமல் விளையாடுபவரின் விரலசைவில் நிகழும் ஆட்டங்களே மாதக் கூட்டங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இந்த வரையறைக்கு மூத்த உறுப்பினர்கள் சிலர் ஆட்சேபம் தெரிவித்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். 1997-இல் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 விளையாட்டில் ஏரித் என்ற பாத்திரம் கொல்லப்படுவது முழுக்கக் காட்சியாகவே வருகிறது, நாம் எந்தப் பொத்தானை அழுத்தியும் அதைத் தடுக்க முடியாது, ஆயினும் ஒரு தலைமுறையே அந்தக் காட்சிக்காக அழுதது என்று அவர்கள் சொன்னார்கள். அந்த மரணம் முழுதாக உறைப்பது, பார்த்துப் பார்த்து வளர்த்த பாத்திரம் அணியில் இல்லாமல் அடுத்த சண்டைக்குப் போகும்போதுதான் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அந்தப் பிற்பாதி செயற்குழுவின் கட்சிக்கே வலுச் சேர்த்தது என்பது என் எண்ணம்.

முதல் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டது, ஜோசஃப் ஃபாரெஸ் இயக்கத்தில் 2013-இல் வெளிவந்த 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்'. நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிப் புறப்படும் அண்ணன் தம்பியின் கதை இது. கன்ட்ரோலரின் இடப்பக்கம் அண்ணனுக்கும் வலப்பக்கம் தம்பிக்கும் உரியது. பாத்திரங்கள் பேசுவது கற்பனை மொழி என்பதால் வசனத்தை நம்பி எதையும் தெரிந்துகொள்ள முடியாது. சைகையும் செயலும்தான் துணை. தாயை நீரில் பறிகொடுத்த தம்பிக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம், ஆகவே நீந்திக் கடக்க வேண்டிய இடங்களில் அண்ணன் முதுகைப் பற்றிக்கொண்டுதான் போவான். கதையின் இறுதிப் பகுதியில் அண்ணன் இறந்துவிட, தம்பி தனியே நீரின் கரையில் நிற்கிறான். அவனுக்குரிய பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் இறங்க மறுக்கிறான். அன்று கன்ட்ரோலரைப் பிடித்திருந்த உறுப்பினர் சற்று நேரம் திகைத்து நின்றுவிட்டு, அண்ணன் போனதிலிருந்து வேலையில்லாமல் கிடந்த இடது கைவிரலால் அண்ணனுக்குரிய பொத்தானை அழுத்தினார். தம்பி நீந்தினான். திரையில் ஒரு சொல்லும் தோன்றவில்லை, கூடத்தில் யாரும் விளக்கம் கேட்கவும் இல்லை. கேள்வி எழுப்பிய புதிய உறுப்பினர் அடுத்த கூட்டத்துக்குத் தாமாகவே முன்வரிசையில் வந்து அமர்ந்தார் என்பதற்கு மேல் அவரைப் பற்றி இங்கே எழுதுவது முறையாகாது.

இவ்வாண்டு மிக நீண்ட விவாதத்துக்கு உள்ளானது, ஜயன்ட் ஸ்பேரோ குழு 2017-இல் வெளியிட்டு, மறு ஆண்டில் சிறந்த விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்ற 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச்'. தன் குடும்பத்தார் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்பதை, பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய வீட்டின் அறைகளுக்குள் நுழைந்து நுழைந்து ஒரு பெண் அறிந்துகொள்வதுதான் கதை. ஒவ்வொரு மரணத்துக்கும் ஒவ்வொரு விளையாட்டு முறை. அவற்றுள் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் லூயிஸின் பகுதியை அன்று இரு முறை ஓட்டிப் பார்த்தோம். கன்ட்ரோலரின் வலது கைக் குச்சியால் மீனை இழுத்து, கத்திக்கு அடியில் தள்ளித் தலையை வெட்டி, மேலே ஓடும் பட்டையில் வீச வேண்டும். இதே அசைவு, இடைவிடாமல். சற்று நேரத்தில் லூயிஸின் மனத்தில் ஒரு கற்பனை நாடு முளைக்கிறது. அங்கே உலாவும் சிறு உருவத்தை இடது கைக் குச்சியால் நடத்த வேண்டும். முதலில் திரையின் ஓரத்தில் சிறு கட்டமாக இருக்கும் அந்த நாடு, மெல்ல மெல்ல விரிந்து ஆலையையே மறைத்துவிடுகிறது. வலது கை மட்டும் கண்ணில் படாத மீனை வெட்டிக்கொண்டே இருக்கிறது, பிறகு அதை வெட்டுகிறோம் என்பதையே நாம் மறந்துபோகிறோம். இத்தனையையும் அவனுடைய மனநல மருத்துவர் அவன் தாய்க்கு எழுதும் கடிதத்தின் குரலில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவன் எங்கே போய்ச் சேர்கிறான் என்பது நமக்குப் புரியத் தொடங்கும்போதும் இடது கை குச்சியை முன்னே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படி ஒரு முடிவை நோக்கி விளையாடுபவரின் கையாலேயே நடத்திச் செல்வது நேர்மையா என்று உறுப்பினர்களிடையே கடும் கருத்து வேறுபாடு எழுந்தது. துயரத்தை அழகாக்கிக் காட்டுகிறது என்று ஒரு தரப்பும், அலுப்பான வேலையில் அமிழ்ந்த ஒருவனின் மனம் எப்படி நழுவுகிறது என்பதை இதைவிடத் துல்லியமாக வேறெந்தக் கலையும் சொல்ல முடியாது என்று மற்றொரு தரப்பும் பேசின. கூட்டம் எந்த முடிவுக்கும் வராமல் கலைந்தது. அந்த இரவைத்தான் இவ்வாண்டின் மிகச் சிறந்த கூட்டம் என்பேன்.

ஆழ்ந்து தோய வைக்கும் உலகங்கள் குறித்த கூட்டத் தொடரில், வரைபடத்தின் பரப்பைக் கொண்டு ஓர் உலகை மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே ஓரளவு குறைந்திருக்கிறது என்று மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன். ஃபுமிடோ உவெடாவின் 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' (2005) விளையாட்டில் பரந்த நிலம் உண்டு, ஆனால் 16 பேருருவங்களைத் தவிர எதிர்த்துப் போரிட எவரும் இல்லை. வெட்டவெளியில் குதிரைமீது நீண்ட நேரம் போகிறோம். குதிரையும் நம் சொல்லை அப்படியே கேட்பதில்லை, வழியைத் தானும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறது. ஒரு பேருருவத்தை வீழ்த்தியதும் வெற்றி முழக்கத்துக்குப் பதிலாகச் சோக இசை எழுகிறது. காலியாக இருப்பதே அந்த உலகின் கனம். செய்து முடிக்க வேண்டிய சில்லறை வேலைகளின் குறியீடுகளால் வரைபடத்தை நிரப்பிவிட்டு அதையே உலகம் என்று விற்கும் பெரிய ஆட்டங்களைப் பற்றிச் செயற்குழுவில் ஒரு மனதாகச் சொல்லப்பட்ட கருத்துகளை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

பெரிய உலகம் என்றாலே குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2018-இல் வெளிவந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' மாலை நேரக் கூட்டத்துக்குள் அடங்காது என்பதால், உறுப்பினர்கள் அவரவர் வீட்டில் விளையாடி, அத்தியாயந்தோறும் கூடிப் பேசுவது என்று ஏற்பாடு செய்தோம். கதை நடக்கும் ஆண்டு 1899. கொள்ளைக் கூட்டத்தில் ஒருவனான ஆர்தர் மார்கன், தொடக்கப் பகுதியில் கடன் வசூலிக்கப் போன இடத்தில் டவுன்ஸ் என்ற நோயாளியை அடிக்கிறான். அடிப்பதற்கான பொத்தானை அழுத்துபவர்கள் நாம்தான். அப்போது அது நூறு பணிகளில் ஒன்று. பல மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு ஆர்தர் தெருவில் சுருண்டு விழ, மருத்துவர் காசநோய் என்கிறார். அந்த நோயாளியின் இருமல் முகத்தில் தெறித்த கணம் அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. இதைப் பேச வந்த கூட்டத்தில், அந்தப் பணியை யாராவது தவிர்த்துப் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டார். கதை அதைக் கடக்காமல் நகராது என்பதை அறிந்தவர்கள்கூட ஒரு கணம் பதில் சொல்லத் தயங்கினார்கள். இந்தக் குற்ற உணர்வு திரைப்படப் பார்வையாளருக்கு வாய்ப்பதில்லை.

'ஜர்னி' (2012) கூட்டம் எளிமையாக நடந்தது. பாலைவனத்தில் தொலைவில் ஒளிரும் மலையை நோக்கி நடக்கையில், எங்கோ ஒரு வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் வழித்துணையாக வந்து சேர்கிறார். பெயர் தெரியாது, பேச முடியாது. சிறு இசையொலி ஒன்றால் கூப்பிடலாம், அவ்வளவுதான். பனி மலையில், பறக்க உதவும் கழுத்துத் துணியின் ஆற்றல் குளிரில் குன்றும்போது, இருவரும் ஒட்டி நடந்தால் அது மீள்கிறது. இதை உருவாக்கிய ஜெனோவா சென் குழுவினர் உரையாடலை நீக்கியதன் மூலம் பண்பை வளர்த்திருக்கிறார்கள். உடன் வந்தவரின் பெயர் எல்லாம் முடிந்த பின்னர்தான் திரையில் வருகிறது. ஆஸ்டின் வின்டோரியின் இசை கிராமியின் திரை ஊடகப் பின்னணி இசைப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் வீடியோ கேம் இசை என்பதையும் அன்று இசைப் பிரிவு உறுப்பினர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019) விளையாட்டில் 22 நிமிடங்களுக்கு ஒருமுறை சூரியன் வெடித்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. புதிய ஆயுதமோ ஆற்றலோ கிடைப்பதில்லை. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு நம்மோடு வருவது நாம் தெரிந்துகொண்டது மட்டுமே. ஆகவே ஏற்கெனவே முடித்தவர்கள் வாயைத் திறந்தால் மற்றவர்களுக்கு ஆட்டமே இல்லாமல் போய்விடும். அவர்களைப் பின்வரிசையில் அமர்த்தி, பெருமூச்சு விடுவதற்கும் தடை விதித்தோம். தடை மீறப்பட்டது.

'தட் டிராகன், கேன்சர்' (2016) கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரையன் கிரீன், ஏமி கிரீன் தம்பதியர் புற்றுநோயால் 5 வயதில் இறந்த தங்கள் மகன் ஜோயலின் நினைவாக உருவாக்கியது இது. மருத்துவமனை அறையில் குழந்தை ஓயாமல் அழும் பகுதியில், தூக்கலாம், நடக்கலாம், குடிக்கக் கொடுக்கலாம். எதைச் செய்தாலும் அழுகை நிற்பதில்லை. மற்ற ஆட்டங்கள் கைக்குப் பொறுப்பைக் கொடுத்தன என்றால், இது கையிலிருந்து எல்லா ஆற்றலையும் பிடுங்கிக்கொண்டு பொறுப்பை மட்டும் விட்டுவைக்கிறது. உறுப்பினர்கள் சிலர் பாதியில் எழுந்து சென்றார்கள், ஒருவர் மறுநாள் செயற்குழுவுக்குக் கடிதம் எழுதினார். தம் குடும்பத்தில் அத்தகைய இழப்பைக் கண்டவர் அவர். என்ன வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவருடைய முறையீடு. கதையை முன்பே சொல்லிவிடக் கூடாது என்ற நமது பழைய விதிக்கும் இதற்கும் எப்படி இசைவு காண்பது என்று இரு கூட்டங்களில் பேசி, இனி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதில் வரும் துயரப் பொருள்களை, கதையைச் சொல்லாமல், கேட்கும் உறுப்பினருக்கு மட்டும் செயலாளர் தனியே தெரிவிப்பது என்று தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. கடிதம் எழுதியவர் அதன் பிறகும் வட்டத்தில் தொடர்கிறார்.

'ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்' (2017) கூட்டத்தில் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனை வரிசையாகக் கைமாற்றினோம். கதாநாயகி செனுவாவின் தலைக்குள் கேட்கும் குரல்கள் காதின் இரு புறமும் பின்னாலும் நகரும்படி பதிவு செய்யப்பட்டிருப்பதால் வேறு வழியில்லை. கேம்பிரிட்ஜ் மனநல மருத்துவப் பேராசிரியர் பால் ஃப்ளெட்சரின் ஆலோசனையோடு உருவான விளையாட்டு இது. 'டிஸ்கோ எலிசியம்' (2019) படிக்கப் படிக்கத் தீராத உரையாடல் கொண்டது; அதை நல்ல குரல்வளம் கொண்ட உறுப்பினர்கள் முறை வைத்து வாசித்தார்கள். கதாநாயகனின் மனத்திறன்கள் 24-ம் தனித்தனிக் குரலில் குறுக்கே பேசுவதால் வாசிப்பு ஒரு நாடகமாகவே மாறியது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய 'வெண்பா' (2023), தாயின் கறை படிந்த சமையல் குறிப்பேட்டில் அழிந்த வரிகளை ஊகித்து நிரப்பச் செய்வதால் நமது வரையறைக்குள் அழகாகப் பொருந்தியது. ஒரே அமர்வில் முடிந்தது.

நூலகப் பொறுப்பாளரின் குறிப்பையும் இணைக்கிறேன். இணையக் கடையில் வாங்கிய ஆட்டம் என்றும் கிடைக்கும் என்ற நம்பிக்கை வேண்டாம் என்கிறார் அவர். 2014-இல் இலவசமாக வந்த 'பி.டி.' என்ற திகில் முன்னோட்டம் மறு ஆண்டே கடையிலிருந்து நீக்கப்பட்டதை அவர் எடுத்துக்காட்டினார். ஆகவே வட்டு வடிவில் கிடைப்பவற்றை வட்டாகவே சேர்க்கவும், பழைய கருவிகளைப் பழுது பார்த்து வைக்கவும் செயற்குழு இசைந்துள்ளது.

உறுப்பினர் எண்ணிக்கையில் பெரிய மாற்றமில்லை. வரும் ஆண்டில், போஸ்னியப் போரின் சரயேவோ முற்றுகையால் தூண்டப்பட்டு உருவான 'திஸ் வார் ஆஃப் மைன்' (2014), லூகாஸ் போப்பின் எல்லைச் சாவடி ஆட்டமான 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' (2013) ஆகிய இரண்டையும் முதலில் எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறோம். இரண்டிலும், தன்னைச் சார்ந்தவர்களைக் காக்க அயலாரிடமிருந்து எவ்வளவு பறிக்கலாம் என்ற கணக்கை விளையாடுபவரே போட வேண்டியிருக்கிறது. முன்வரிசை உறுப்பினர் இவற்றுள் ஒன்றை அறிமுகம் செய்து பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கூடத்தை ஒழுங்கு செய்தவர்களுக்கும், கருவிகளைச் சுமந்து வந்தவர்களுக்கும், நள்ளிரவு வரை விவாதித்துவிட்டு நாற்காலிகளையும் அடுக்கி வைத்துப் போனவர்களுக்கும் செயற்குழுவின் நன்றியைத் தெரிவித்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.