ரேஸ் ராணியின் சீட்டை வாங்காதே

அன்புள்ள சரசு,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேரன் வந்த பிறகு இந்த வீட்டுக் கடிகாரம் அவன் சொல்படிதான் ஓடுகிறது. அவர் நலம். என் இடது முழங்கால் அப்படியேதான்.

அவசரமாக எழுதுவது உன் கடிதத்தின் கடைசி வரிக்காக. வரப்போகிற பேத்திக்கு நம் ரேஸ் ராணி தன் பிள்ளையின் பழைய கார் சீட்டை, குழந்தையை உட்கார வைத்து மாட்டுகிற அந்தச் சீட்டை, தருகிறாளாமே? வாங்காதே.

கார் சீட்டைப் பற்றி நானா பேசுவது என்று சிரிப்பாய். மகள் அதை வாங்கி வந்த அன்று நான் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியாது. "என் மடியை விடவா இந்த பிளாஸ்டிக்?" என்று மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

போன மாதம் எல்லோரும் காரில் போனோம். பின்னால் அவன் தன் சீட்டில், பக்கத்தில் நான், என் மடியில் வெந்நீர் பிளாஸ்க். கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். குறுக்கே ஒரு நாய் ஓடிவர, மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். பிளாஸ்க் என் கையில் இல்லை. முன் சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்தது. அவன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. எனக்குத்தான் வீடு வந்து சேரும்வரை கை நடுங்கியது. இந்தக் கையை நம்பித்தானே அத்தனை சண்டை போட்டேன்!

அது வெறும் பிரேக், சரசு. மோதலே இல்லை. இயற்பியல் வகுப்பில் நீ தூங்கியதால் கணக்கை நானே சொல்கிறேன். 50 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். மோதிய வண்டி பத்தில் ஒரு பங்கு விநாடியில் நின்றுவிட்டால், 7 கிலோ குழந்தை ஏறக்குறைய 100 கிலோ மூட்டையின் விசையோடு கையைப் பிய்த்துக்கொண்டு போகும். போட்டு முடித்ததும் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இதே பைத்தியம். எங்கள் சீட்டும் முதலில் ஊஞ்சலாகத்தான் ஆடியது. மாப்பிள்ளை பெல்ட்டைப் போட்டு, ஒரு தட்டு தட்டி "ஸ்ட்ராங்" என்றார். அப்படி இல்லையாம். முழங்காலை சீட்டில் ஊன்றி உடம்புப் பாரத்தை இறக்கி, பெல்ட்டின் தொய்வையெல்லாம் இழுத்துவிட வேண்டும். பிறகு பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது. காரோடு சீட்டை நேராகப் பூட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தால் அதிலேயே மாட்டலாம். ஆனால் கையேடு சொல்லாமல் கொக்கி, பெல்ட் இரண்டையும் சேர்த்துப் போடாதே. இரட்டிப்புப் பலம் என்று நானும்தான் நினைத்தேன்.

அவன் சீட் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறது. "பாவம், பிள்ளையைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்துவிட்டீர்களே" என்று என் அம்மா தினமும் புலம்புகிறாள். பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான். கழுத்து எலும்போ இன்னும் முழுசாகக் கெட்டிப்படவில்லை. முன்னோக்கி உட்கார்ந்திருந்தால், மோதும்போது அந்தத் தலை முழுக்கக் கழுத்தை இழுக்கும். பின்னோக்கி இருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சீட்டே தாங்கிக்கொள்ளும். ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர், விண்வெளி வீரர்கள் மல்லாந்து கிடந்து புறப்படுவதைப் பார்த்துத்தான் 1960களில் இதை யோசித்தாராம். அம்மாவிடம் சொன்னேன். "அவன் எங்கே நிலாவுக்கா போறான்?" என்றாள். குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதிப்படி 15 மாதம் வரையாவது இப்படித்தான். சீட்டின் அளவு இடம் கொடுக்கும்வரை தொடர்வது இன்னும் நல்லது. கால் மடங்குகிறதே என்று கவலைப்படாதே, கால் மடங்கலாம். ஆனால் ஏர்பேக் வேலை செய்கிற முன் சீட்டில் இப்படி வைக்கவே கூடாது; அது விரிந்தால் நேராக சீட்டின் முதுகில்தான் அறையும்.

சீட்டின் பட்டை உன் பேத்தியின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்து வர வேண்டும். தோள் பக்கத்தில் பட்டையைக் கிள்ளிப் பார். மடிப்பு விரலில் சிக்கினால் தளர்வு. நீ பின்னிக்கொண்டிருக்கிற அந்தத் தடி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. பட்டையைப் போட்ட பிறகு மேலே போர்த்து. தாடை நெஞ்சில் இடிக்கிறதா என்றும் பார், மூச்சுக்கு ஆகாது. தூங்கிவிட்டாளே என்று வீட்டுக்குள்ளும் அதே சீட்டில் கிடத்தாதே.

ரேஸ் ராணிக்கு வருகிறேன். அவள் சீட்டின் அடியில் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் இருக்கும், பார்த்தாயா? கையேடு இருக்கிறதா? ஒரு பெரிய மோதலைக் கண்ட சீட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், குப்பைக்குத்தான். அவள் எத்தனை முறை மோதினாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாதேடி!

பேத்தி வரும் தேதியை எழுது. முந்தின நாளே வந்து நானே முழங்காலை ஊன்றுகிறேன். வலது முழங்காலை.

உன்,
கமலா