மெர்சென் எண் எல்லாம் பகா எண் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு மாணவர் பக்கத்தில் ‘உலகின் ஆகப் பெரிய பகா எண்’ என்ற குறிப்பைப் படித்தேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால், அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும், 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி 1 கழித்தால் வருவதும் (அதுதான் மெர்சென் எண்) பகா எண்தான் என்று போட்டிருப்பது தவறு. 11 பகா எண். 2-இன் 11ஆம் அடுக்கில் 1 கழித்தால் 2047. அது 23 × 89. புதிர்ப்போட்டிக்குப் போகும் பிள்ளை இதை நம்பி எழுதினால் புள்ளி போய்விடும். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்தான் என்பது மட்டும் எப்போதும் சரி.

அப்படியென்றால் எப்படிச் சோதிப்பது? லூக்கா-லேமர் சோதனையைப் படிவம் 1 மாணவரே தாளில் போடலாம். அடுக்கு 7 என்றால் எண் 127. 4-இல் தொடங்கி, வர்க்கமாக்கி 2 கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இதை அடுக்கில் இரண்டு குறைத்து, அதாவது 5 முறை செய்ய வேண்டும்: 14, 67, 42, 111, 0. கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 2047-க்கு 9 முறை செய்தால் 1736-இல் நிற்கும்.

நீள்வகுத்தல் தேவையில்லை. 128-ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும். 67-இன் வர்க்கத்தில் 2 போக 4487. ஈவு 35, மீதி 7, கூட்டினால் 42. பிள்ளைகள் தடுக்கி விழுவது இரண்டே இடத்தில். தொடக்கத்து 4-ஐயும் ஒரு முறையாக எண்ணிவிடுவார்கள். அல்லது கடைசிப் படியில் 12319 வரும்போது 96 + 31 = 127 என்று எழுதி, பூஜ்யம் வரவில்லையே என்று விழிப்பார்கள். 127-ஆல் வகுத்தால் 127-க்கு மீதி ஏது? அதுதான் 0.

குறிப்பில் உள்ள எண், அதாவது 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டுபிடித்த எண்ணின் அடுக்கு 136,279,841. அதன் இலக்கங்களின் எண்ணிக்கை 41,024,321 என்று அச்சாகியிருக்கிறது, ஒன்று கூடிவிட்டது. யாரோ 2-இன் மடக்கையை (பிள்ளைகள் லோகரித்மா என்பார்கள்) 0.30103 என்று ஐந்து தசமத்தோடு நிறுத்தி, அடுக்கால் பெருக்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் 41,024,320.54 வரும். கால்குலேட்டர் காட்டும் 0.3010299957-ஐ முழுதாகப் பெருக்கினால் 41,024,319.95. தசமத்தை வெட்டி 1 கூட்டினால் 41,024,320. அதுதான் சரியான கணக்கு. கடைசி இலக்கம் மட்டும் வேண்டுமானால் மடக்கையே வேண்டாம்: அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே 2-இன் அடுக்கு 2-இல் முடியும், நம் எண் 1-இல் முடியும்.

‘ஆகப் பெரிய’ என்பதற்கு முன் ‘இதுவரை அறியப்பட்ட’ என்று சேர்க்க வேண்டும். பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் எப்போதோ நிரூபித்துவிட்டார். வங்கிப் பாதுகாப்புக்கு இந்த எண் உதவுகிறது என்ற வரியும் வேண்டாம். ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையின் 2048 பிட் பூட்டில் இருக்கும் இரண்டு பகா எண்களும் ஏறக்குறைய 309 இலக்கம் கொண்டவைதான். அவை வெளியே தெரியாமல் இருக்கும்வரைதான் பூட்டு பூட்டாக இருக்கும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.