பார்த்து வரையட்டும், அப்படியே வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் மாவட்டப் பள்ளிகளின் ஓவியக் கண்காட்சிப் படங்களை ஞாயிறு இதழில் ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள், ரொம்ப நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு வரிசை முழுக்க ஓவியர் வான்கோவின் ‘நட்சத்திர இரவு’. எல்லாப் பிள்ளைகளும் அதே சுழல், அதே நிலா, அதே கறுத்த மரம், அதே இடத்தில். படத்துக்குக் கீழே பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் இருக்கிறது, வான்கோ பெயர் மட்டும் எங்கேயும் காணோம்.

ஓவிய ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வாரத்துக்கு ஒரு பீரியட் கிடைத்தாலே பெரிது, பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார், இதற்கு நடுவில் ஒரு பெரிய ஓவியரைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியதே நல்ல மனசு. காட்டிய பிறகு என்ன செய்யச் சொல்கிறோம் என்பதுதான் என் கேள்வி. வான்கோவும் பார்த்து வரைந்தவர்தான். பிரான்சில் செயின்ட் ரெமி மனநல விடுதியில் 1889-ல் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சில் வைத்துக்கொண்டு வரைந்தார். வயலில் வேலை செய்கிற ஆட்கள் மில்லேயுடையவர்கள், வண்ணமும் தூரிகை வீச்சும் முழுக்க இவருடையவை. நம் பிள்ளைகளிடமும் அதைக் கேட்கலாமே. அந்தச் சுழலை எடுத்துக்கொள், ஐப்பசியில் நடவு வயலுக்கு மேலே திரண்டு வருமே ஒரு மேகம், அதை அந்தச் சுழலில் வரைந்து பார் என்று.

அப்புறம், பார்த்து வரைவதற்கு நம் டெல்டாவிலேயே எவ்வளவு கிடக்கிறது! திருவாரூர் தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். குரங்கு முகத்தோடு முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை மேல்தளம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடுகிறது, என்ன காட்சி என்று தமிழில் அங்கங்கே எழுதியிருக்கிறது, ஊர்வலத்தில் மேளக்காரர்கள், ஆடுகிறவர்கள், வாணவேடிக்கைகூட உண்டு. வரைந்தவர் சிங்காதனம் என்ற பெயரும் அங்கேயே இருக்கிறது. பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப்போய் நிதானமாகப் பார்க்க விட்டு, திரும்பி வந்ததும் ஆழித்தேர் ஓட்டத்தையோ தங்கள் தெருவில் நடந்த கல்யாணத்தையோ நீளச் சார்ட்டில் அதே மாதிரி பட்டைகளாக வரைந்து, ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்! சிங்காதனத்திடம் கற்றதும் அதில் தெரியும், பிள்ளை தானாகக் கண்டதும் தெரியும்.

காசு செலவாகுமே என்பார்கள். துறையூர் பக்கம் கீரம்பூரில் பிறந்த ஓவியர் ஆதிமூலம் காந்தியை வெறும் கோடுகளாலேயே எத்தனை விதமாக வரைந்திருக்கிறார். அவற்றில் நாலைந்தைக் காட்டிவிட்டு, ரப்பர் இல்லாமல் பால்பாயின்ட் பேனாவால் உன் தாத்தாவை வரைந்து வா என்றால் போதும். தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த பத்திரிகை ஓவியர் கோபுலு ஒரு ஆளின் முதுகை வரைந்தே அவர் கோபமாக இருக்கிறாரா குழைகிறாரா என்று சொல்லிவிடுவார். சந்தைக்குப் போகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் எது? சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூரிலும் தேரில் தொங்கவிடும் தொம்பை என்கிற குழல் வடிவத் துணிகளில் ஓவியம் எழுதுகிற கலம்காரிக்காரர்கள் இன்றைக்கும் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஒரு மதியம் பள்ளிக்கு அழைத்து, சீவிய மூங்கில் பேனாவால் துணியில் எழுதிக் காட்டச் சொல்லலாம், அதற்குரிய கூலியைக் கட்டாயம் கொடுத்து.

அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, நல்ல விஷயம். அதன் ஓவியப் போட்டிகளிலும், நீங்கள் படம் வெளியிடும்போதும், ‘யாருடைய ஓவியத்தைப் பார்த்து, அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டேன்’ என்று பிள்ளையே எழுதிய இரண்டு வரி கீழே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாணவர் பக்கத்திலும் மாதம் ஒரு டெல்டா ஓவியரின் படத்தைப் பெரிதாக, வண்ணத்தில் போடுங்கள். பிரின்ட் எடுக்க வழியில்லாத பள்ளிகளில் அதையே வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவியின் தாய்,
மன்னார்குடி