துனிஸில் ஒரு டைல்ஸ் கலைஞரின் தர்கா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த துனிசியா பயணக் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் துனிஸ் என்றால் பார்தோ அருங்காட்சியகம், கார்தேஜ் இடிபாடுகள், சீதி பூ சயீதின் நீலக் கதவுகள், அதோடு சரி என்பது போல முடித்துவிட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. பழைய நகரமான மதீனாவின் மேற்கு ஓரத்தில், மேடான இடத்தில் சீதி காசிம் ஜெலீசியின் தர்கா இருக்கிறது. அதுவே ஒரு மட்பாண்டக் கலை அருங்காட்சியகமும்கூட. நான் போய்ப் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அங்கே அடக்கமாகியிருப்பவர் அந்தலூசியாவை, அதாவது முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினைப் பூர்விகமாகக் கொண்ட சூஃபி. செய்த தொழில், சுவரில் பதிக்கிற வண்ண டைல்ஸ் தயாரிப்பது. ஹஃப்ஸித் சுல்தான்கள் துனிஸை ஆண்ட காலம் அது. அவர் இறந்தது 1496இல். அதற்கு 4 ஆண்டுகள் முன்புதான் ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனடா வீழ்ந்தது, வீடு வாசலை விட்டுக் கடல் தாண்டி வந்தவர்களுக்கு இந்த இடம் தங்குமிடமாகவும் இருந்திருக்கிறது. உள்ளே நுழைந்தால் முற்றம், சுற்றிலும் அறைகள், கல்லறை இருக்கும் அறைக்கு மேலே பச்சை ஓடு வேய்ந்த கூம்புக் கூரை. துனிஸில் வெள்ளைக் குவிமாடங்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கூரை சட்டென்று அந்தலூசியாவை நினைவூட்டும்.

என்னை நகரவிடாமல் நிறுத்தியவை அந்தச் சுவர்கள். மற்ற அருங்காட்சியகங்களில் டைல்ஸைப் பெயர்த்து எடுத்துவந்து கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள், இங்கே பதித்த சுவரிலேயே பார்க்கலாம். நட்சத்திர வடிவத்தில் வண்ணங்கள் நெருக்கமாக ஓடும், ஆனால் ஒன்றோடொன்று கலக்காது. காரணம் எளிமையானது. மாங்கனீசுப் பொடியை எண்ணெய்ப் பசையில் குழைத்து முதலில் கோடு இழுத்துவிடுவார்கள், நீரில் கரைத்த மெருகுப் பூச்சு அந்த எண்ணெய்க் கோட்டைத் தாண்டாது, சூளையில் எண்ணெய் எரிந்துபோனதும் கருங்கோடு மட்டும் நிற்கும். பச்சைக்குச் செம்பு, நீலத்துக்குக் கோபால்ட். இது தெரிந்த பிறகு பார்த்தால் ஒவ்வொரு டைலிலும் ஒரு ஆளின் கை தெரிகிறது.

அந்தக் கைகளின் வரலாறும் நீளமானது. 1609 முதல் 1614 வரை ஸ்பெயின், கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்களான மோரிஸ்கோக்களை விரட்டியபோது ஏராளமானோர் துனிசியாவில் வந்து குடியேறினார்கள். துனிஸின் கல்லாலீன் பகுதிச் சூளைகளில் உருவான மஞ்சள், பச்சை, நீல டைல்ஸ் நாடு முழுக்க வீடுகளுக்கும் தர்காக்களுக்கும் போனது. அப்புறம் நேப்பிள்ஸிலிருந்து டைல்ஸ் வந்து குவிய, உள்ளூர்த் தொழில் நலிந்தது. அதை மீண்டும் உயிர்ப்பித்தவர்களில் முக்கியமானவர் யாகோப் ஷெம்லா என்ற துனிஸ் யூதக் கலைஞர். ஒரு முஸ்லிம் சூஃபி செய்த தொழிலை, 400 ஆண்டுகள் கழித்து ஒரு யூதர் தூக்கி நிறுத்தியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கல்லறை இருக்கும் இடத்தில் அருங்காட்சியகமா என்று உறவினர் ஒருவர் என்னிடம் முகம் சுளித்தார். எனக்கு அதில் எந்தத் தவறும் தெரியவில்லை. 2012 அக்டோபரில் சைதா மனூபியா தர்காவுக்கும், 2013 ஜனவரியில் சீதி பூ சயீத் தர்காவுக்கும் தீ வைக்கப்பட்டது, அந்த மாதங்களில் இன்னும் பல தர்காக்கள் தாக்கப்பட்டன. ஆட்கள் வந்துபோகும், பராமரிப்பு நடக்கும், மட்பாண்டக் கலையைக் கற்றுக்கொடுக்கும் இடமாக ஒரு தர்கா இருப்பது அங்கே அடக்கமானவருக்குச் செய்கிற மரியாதை என்றே நினைக்கிறேன், அதுவும் அவர் செய்த தொழிலையே அங்கே கற்றுக்கொடுக்கும்போது. பார்க்கப் போகிறவர்களும் கல்லறை அறையில் குரலைத் தாழ்த்தி, ஒழுங்கான உடையில் போனால் போதும்.

பார்தோவைக் குறைத்துச் சொல்லவில்லை, அங்குள்ள ரோமானிய மொசைக்குகளுக்கு ஈடு கிடையாது. ஆனால் 2021 ஜூலையில் மூடிய பார்தோ 2023 செப்டம்பரில்தான் திறந்தது, அதை மட்டும் நம்பித் துனிஸ் போனவர்கள் ஏமாந்திருப்பார்கள். அடுத்த முறை துனிசியா பற்றி எழுதும்போது சீதி காசிம் ஜெலீசிக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள், முடிந்தால் அந்தச் சுவரின் படம் ஒன்றையும் வண்ணத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்